சினைக் குதிரையும் பிறந்த குட்டியும்: வட ஆற்காட்டில் புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இப்போது குதிரை வாங்குகிறவர்களில் பலர் மாடு வளர்த்துப் பழகிய குடும்பத்துக்காரர்கள். பொய்கைச் சந்தையில் பல்லைப் பார்த்து மாடு பிடிக்கத் தெரிந்தவர்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போய், கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும் என்று ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையைப் பிடித்து வருவார்கள். "சினையா இருக்குங்க, அடுத்த வருஷம் ஒண்ணு ரெண்டாயிடும்" என்று விற்றவர் சொல்லியிருப்பார்.

தீவனம் வைப்பது, தண்ணீர் காட்டுவது, காய்ச்சல் கண்டுபிடிப்பது என்று மாடு கற்றுக்கொடுத்த பாடம் குதிரைக்கும் பெரும்பாலும் கைகொடுக்கும். ஈனும் நேரத்தில் மட்டும் அது காலை வாரிவிடும். பசு மணிக்கணக்கில் முக்கி, கடைசியில் டாக்டர் வந்து கையை விட்டு எடுத்தாலும் கன்று பிழைப்பதுண்டு. கொடி (நஞ்சுக்கொடி) மறுநாள் காலையில் விழுந்தாலும் பசு தப்பித்துக்கொள்ளும். குதிரைக்கு எல்லாமே நிமிடக் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் சினையை உறுதி செய்யுங்கள்

விற்றவர் பேச்சை நம்பி பத்து மாதம் காத்திருக்க வேண்டாம். ஆண் குதிரையுடன் சேர்த்த நாள் தெரிந்தால், 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் எடுக்கலாம். ஏறக்குறைய 28-ஆம் நாளில் இன்னொரு முறை பார்த்தால் கருவின் இதயத் துடிப்பும் தெரியும். முதல் ஸ்கேன் எதற்கு என்றால், இரட்டைக் கருவா என்று அறிய. இரட்டையைச் சுமக்கக் குதிரையின் கருப்பை தோதானதல்ல. பெரும்பாலும் மாதம் ஏறிய பிறகு இரண்டுமே கலைந்து போகும், தாய்க்கும் ஆபத்து. தொடக்கத்திலேயே தெரிந்தால் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்ற டாக்டரால் முடியும். சந்தையில் வாங்கியதால் நாள் தெரியாது என்றால், கை விட்டுப் பரிசோதித்தும் ஸ்கேன் எடுத்தும் மாதத்தைத் தோராயமாகச் சொல்வார்கள்.

வாங்கும்போதே கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். அந்த நோய் குதிரையோடு நிற்காது, பராமரிக்கும் ஆளுக்கும் வரும், உயிரையும் எடுக்கும். சான்று இல்லாத குதிரையை மற்றக் குதிரைகளோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

சினைக் காலம் சுமார் 11 மாதம், சராசரியாக 340 நாள். மாட்டின் 280 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். ஆடியில் சேர்த்தால் அடுத்த ஆனியில் எதிர்பார்க்கலாம், பங்குனியில் சேர்த்தால் அடுத்த மாசியில். ஆனால் 320 நாளிலும் ஈனும், 365 நாள் வரை போய் நல்ல குட்டி போடுவதும் உண்டு. நாள் தள்ளிப்போகிறதே என்று ஊசி போட்டு ஈன வைக்கச் சொல்லாதீர்கள். 320 நாளுக்கு முன்னால் பிறந்தால் அது குறைப்பிரசவம், பிழைக்க வைப்பது கடினம். என்னைக் கேட்டால், நம் ஊரில் மாசியில் குட்டி விழுகிற மாதிரி சேர்ப்பதுதான் நல்லது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் குட்டி இரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கும்.

இதே வேளையில் டாக்டரையும் தேடி வையுங்கள். இங்குள்ள கால்நடை மருத்துவர்களில் பலர் அன்றாடம் பார்ப்பது மாடும் ஆடும்தான். குதிரைப் பிரசவம் பார்த்தவர் யார், இரவில் வருவாரா, அவரால் முடியாவிட்டால் வேறு யார் என்று மூன்று பெயர்களாவது கையில் இருக்கட்டும். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். 1903-இல் தொடங்கி, இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரிய ஆதரவுதான். ஆனால் வேலூரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நோயுற்ற குட்டியைக் கொண்டுபோக அது உதவும். பிரசவம் சிக்கினால் அவ்வளவு தூரம் போக நேரம் இருக்காது.

தீவனம்: இங்கேதான் அதிகம் கெடுகிறது

மாடு வைத்திருக்கும் வீட்டில் கோ-4 கம்பு நேப்பியர் புல் வரப்பெல்லாம் நிற்கும், தவிடும் மூட்டையாக இருக்கும். அந்த இரண்டையும் அப்படியே குதிரைக்குப் போட்டு வளர்க்கிறார்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. அசைபோடும் மாடு ஆக்சலேட்டைப் பெருவயிற்றிலேயே ஓரளவு சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. சினைக் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் குட்டிக்குக் கொடுக்கும். சில மாதங்களில் தாடையும் கன்ன எலும்பும் வீங்கும், காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும். முகம் பருத்திருப்பதைப் பார்த்து "நல்லா தேறியிருக்கு" என்று வேறு சொல்வார்கள்.

மாற்று கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கால் ஏக்கரில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைப் போடுங்கள். அதில் சுண்ணாம்பும் புரதமும் நிறைய உண்டு. அருகம்புல் அருமையான தீவனம். மல்லாட்டைக் கொடி (நிலக்கடலைக் கொடி) நன்றாகக் காய்ந்து, பூஞ்சை இல்லாமல், மண் உதறியிருந்தால் போடலாம். வைக்கோலை மட்டும் நம்பி வளர்த்தால் குடலில் கட்டிக்கொண்டு வயிற்றுவலி வரும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு காய்ந்த கணக்கில் 6 கிலோ தீவனம் வேண்டும், அதில் பெரும்பங்கு புல்லும் கொடியுமாக இருக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள். கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி தன் எடையில் பாதிக்கு மேல் வளர்கிறது. அப்போது கொள்ளையும் ஓட்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வார இடைவெளி விட்டு ஏற்றுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடம்பு.

கொடுக்கவே கூடாதவை சில. கோழித் தீவனமும் சில கலப்புத் தீவனங்களும் மோனென்சின் என்ற மருந்து கலந்து வரும். மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். பச்சைச் சோளப் பயிர் சினைக் குதிரைக்கு வேண்டாம், பிறக்கும் குட்டியின் மூட்டுகள் மடங்கியபடி இறுகிப் போகக்கூடும். பூஞ்சை பிடித்த மல்லாட்டைப் பிண்ணாக்கு, ஆமணக்கு, வேலியோர அரளி இவையெல்லாம் நஞ்சு. லாயத்துக்குப் பக்கத்தில் அரளி இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள்.

தண்ணீர் நாளொன்றுக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், சித்திரை வைகாசியில் 50 கூடக் குடிக்கும். தொட்டி நிழலில் இருக்கட்டும். கல்லுப்பு நக்க வையுங்கள்.

ஊசியும் பூச்சியும்

ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். இதுவரை போட்டதே இல்லை என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டாவது இந்தக் காலத்துக்குள் வரும்படி. அப்போதுதான் சீம்பாலில் அந்த எதிர்ப்புச் சக்தி ஏறும். ஹெர்பீஸ் வைரஸால் வரும் கருச்சிதைவுக்கு 5, 7, 9-ஆம் மாதங்களில் தடுப்பூசி உண்டு. கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடற்புழு மருந்தையும் அவர் சொல்கிற நாளில், அவர் சொல்கிற மருந்தாகவே கொடுங்கள்.

மழைக்குப் பிறகு பெரிய கடி ஈ மொய்க்கும் காலத்தில் விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், மெலிவு தெரிந்தால் சர்ரா நோயாக இருக்கலாம். இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சினையைக் கலைத்துவிடும் நோய் அது. ஒருவேளை கரு கலைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் பார்க்கும்வரை கருவையும் கொடியையும் பையில் கட்டி வைத்து, மற்றப் பெட்டைகளை அந்த இடத்துக்கு விடாதீர்கள்.

ஈனும் இடம்

ஈனுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே குதிரை அதே லாயத்துக்கு வந்துவிட வேண்டும். அந்த இடத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்புச் சக்தி அதன் உடம்பில் உருவாகிச் சீம்பாலில் இறங்க அவ்வளவு நாள் ஆகும். கடைசி மாதத்தில் வண்டியில் ஏற்றுவதும் ஊர்வலத்துக்கு அனுப்புவதும் வேண்டாம். 12 அடிக்கு 12 அடி இடம், முடிந்தால் 14 அடி. கயிற்றில் கட்டாமல் அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். சுத்தமான வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். மரத்தூள் வேண்டாம், ஈரக் குட்டியின் மூக்கில் ஒட்டும். தெருநாய் நுழைய முடியாதபடி அடைப்பு கட்டாயம், கொடி வாசனைக்கு அவை எங்கிருந்தாலும் வந்துவிடும்.

டார்ச், கடிகாரம், கத்தரிக்கோல், கையுறை, பழைய சுத்தமான துண்டுகள், வால் கட்டத் துணி, சணல் கயிறு, தெர்மாமீட்டர், குளோர்ஹெக்சிடின் கரைசல், ஒரு சின்னக் கிண்ணம், பால் புட்டி. எல்லாம் ஒரே வாளியில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மடியைப் பாருங்கள்

ஈனுவதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் முன்னால் மடி இறங்கத் தொடங்கும். காலையில் பருத்தும் நடந்த பிறகு சுருங்கியும் இருக்கும். வாலின் அடிப்பகுதிக்கு இருபுறமும் சதை தளர்ந்து, கைவைத்தால் மெத்தென்று அமுங்கும். கடைசி நாள்களில் பிறப்புறுப்பு நீண்டு தொங்கும். காம்பு முனைவரை நிறைந்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு நாள் காம்பு நுனியில் மஞ்சளான மெழுகுத் துளி ஒட்டியிருக்கும். அரிசி அளவும் இருக்கும், விரல் நுனி அளவும் இருக்கும். தொட்டுத் துடைக்காதீர்கள். பெரும்பாலும் அதிலிருந்து ஒன்று முதல் நான்கு நாளுக்குள் ஈனும். மெழுகே படியாமல் ஈனும் குதிரைகளும் உண்டு, முதல் ஈற்றில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு வழி, கடைசி வாரத்தில் மாலை வேளையில் ஒரு சொட்டுப் பாலை பிஹெச் தாளில் விட்டுப் பார்ப்பது. 7-க்கு மேல் இருந்த எண் 6.5-க்குக் கீழே இறங்கினால் அன்றிரவு தூங்கப் போகாதீர்கள்.

பால் தானாகச் சொட்டத் தொடங்கி ஒரு நாளுக்கு மேல் ஓடினால் சீம்பால் வீணாகிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், பிறக்கப்போகும் குட்டிக்கு வேறு குதிரையின் சீம்பால் தேட வேண்டியிருக்கும்.

அந்த இரவு

பெரும்பாலான குதிரைகள் இரவு பத்து மணிக்கு மேல் விடியலுக்குள்தான் ஈனும். ஆள் கூட்டமும் வெளிச்சமும் இருந்தால் தள்ளிப்போடவும் செய்யும். அக்கம்பக்கத்தாரை வேடிக்கை பார்க்கக் கூப்பிடாதீர்கள். ஒரு ஆள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் போதும், மலிவான கேமரா ஒன்றை மாட்டி போனில் பார்ப்பது இன்னும் நல்லது.

முதல் கட்டத்தில் அமைதியில்லாமல் சுற்றும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், கழுத்தும் விலாவும் வியர்க்கும், அடிக்கடி லத்தி போடும், படுத்து எழும். ஒன்று முதல் நான்கு மணி நேரம் இப்படி ஓடலாம். வாலைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள்.

தண்ணீர்க்குடம் உடைந்த நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கிருந்து 20 முதல் 30 நிமிடத்துக்குள் குட்டி வெளியே வந்திருக்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் நீலம் கலந்த வெள்ளைப் பை தெரியும். அதற்குள் முன்னங்கால் இரண்டு, ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னால், குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்தபடி, அவற்றின் மேல் மூக்கு. இது சரியான நிலை. தாய் படுத்து முக்கட்டும், நீங்கள் இழுக்க வேண்டியதில்லை.

பத்து நிமிடமாகியும் ஒன்றுமே தெரியவில்லை, ஒரு கால் மட்டும் வருகிறது, குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்க்கிறது, காலிருக்கிறது மூக்கைக் காணோம். இதில் எதுவானாலும் அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் வரும்வரை குதிரையை எழுப்பி மெல்ல நடத்திக்கொண்டே இருங்கள், முக்குவது குறையும். கயிறு கட்டி நாலைந்து பேர் இழுப்பது குட்டியின் விலாவையும் தாயின் கருப்பையையும் சேர்த்துக் கிழிக்கும்.

டாக்டருக்காகக் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்றே ஒன்று. வெள்ளைப் பைக்குப் பதிலாகத் தடித்த, சொரசொரப்பான சிவப்புப் பை முதலில் வந்தால், கொடி கருப்பையிலிருந்து முன்பே பிரிந்துவிட்டது என்று பொருள். குட்டிக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சிவப்புப் பையை அங்கேயே வெட்டுங்கள், உள்ளே உள்ள வெள்ளைப் பையையும் கிழித்து, கால் இரண்டையும் பிடித்துத் தாய் முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி, அதன் பின்னங்கால் திசையில் இழுங்கள். தயக்கமே வேண்டாம். போனை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் மூன்று மணி நேரம்

குட்டி விழுந்ததும் மூக்கின் மேல் பை மூடியிருந்தால் விலக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் மூச்சு விட வேண்டும். விடாவிட்டால் துண்டால் விலாவை அழுத்தித் தேயுங்கள், மூக்குக்குள் வைக்கோலால் கிச்சுகிச்சு மூட்டுங்கள். மூச்சு வந்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். தாயும் குட்டியும் கால் மணி நேரம் அப்படியே படுத்திருப்பது நல்லது. தொப்புள்கொடியை வெட்டாதீர்கள், தாய் எழும்போதோ குட்டி துள்ளும்போதோ அறுபட வேண்டிய இடத்தில் அதுவே அறும். அறுந்ததும் சின்னக் கிண்ணத்தில் 0.5 சதவீத குளோர்ஹெக்சிடின் ஊற்றித் தொப்புளை முக்குங்கள். 2 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் மூன்று பங்கு. முதல் நாளில் மூன்று நான்கு முறை இப்படிச் செய்யுங்கள். சாம்பல், மஞ்சள், சாணம் எதையும் தடவ வேண்டாம்.

இனி நினைவில் நிற்க வேண்டியது ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் தாய் கொடி போட வேண்டும். எது தவறினாலும் டாக்டர் வர வேண்டும்.

மாட்டுக்காரர்கள் தடுமாறுவது இந்தக் கடைசிக் கணக்கில்தான். "காலையில விழுந்துடும்" என்று படுத்துவிடுகிறார்கள். குதிரைக்குக் கொடி தங்கினால் கருப்பையில் சீழ் பிடித்து, அந்த விஷம் காலில் இறங்கிக் குளம்பு கழலும் நிலைவரை போகும். அதற்காகத் தொங்கும் கொடியை இழுக்கவும் கூடாது, கல் கட்டித் தொங்கவிடவும் கூடாது. மிதித்துவிடாதபடி சணலால் பின்னங்கால் மூட்டுக்கு மேலே சுருட்டிக் கட்டுங்கள், அவ்வளவுதான். விழுந்த பிறகு புதைத்துவிடாமல் தரையில் விரித்துப் பாருங்கள். கால்சட்டை போல இரண்டு கிளை இருக்கும். இரண்டு நுனியும் முழுசாக இருக்கிறதா? நுனி கிழிந்து ஒரு துண்டு குறைந்தால் அது உள்ளே இருக்கிறது. டாக்டர் வரும்வரை வாளியில் மூடி வைத்துக் காட்டுங்கள்.

சீம்பால்

குதிரைக் குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏதும் இல்லாமல்தான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். முதல் ஆறு மணி நேரத்துக்குள் குட்டியின் வயிற்றுக்கு ஒரு லிட்டராவது போக வேண்டும், ஒரு நாள் கடந்தால் அதைக் குடல் உள்ளே விடாது. பசு ஈன்றால் சீம்பாலைக் காய்ச்சி நாலு வீட்டுக்குக் கொடுப்போம். குதிரையின் மடி சிறியது, அதில் இருப்பது குட்டிக்கே கணக்காக இருக்கும்.

சீம்பால் பசை போல ஒட்டினால் நல்லது. சரியாக அளக்க வேண்டுமானால், கரும்புச் சாற்றின் இனிப்பைப் பார்க்கும் பிரிக்ஸ் மீட்டரிலேயே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். 23-க்கு மேல் இருந்தால் தரமான சீம்பால். 20-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 18 முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும்.

முதல் ஈற்றுக் குதிரைக்கு மடி வலிக்கும், குட்டியைக் கிட்டே விடாமல் உதைக்கும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துத் தடவிக்கொடுக்க, இன்னொருவர் குட்டியைப் பின்னாலிருந்து மடிப்பக்கம் நகர்த்துங்கள். தலையைப் பிடித்துக் காம்பில் திணித்தால் குட்டி மிரண்டு பின்வாங்கும். புட்டியில் கொடுக்க நேர்ந்தால் குட்டி நின்றபடியே, தலையை உயர்த்தாமல் குடிக்கட்டும். சப்பும் தெம்பில்லாத குட்டிக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு மூக்குவழிக் குழாய்தான், அதை டாக்டர் செய்வார்.

முதல் நாளும் அடுத்த வாரங்களும்

கருத்து இறுகிய முதல் லத்தி 12 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். வாலைத் தூக்கி முக்கிக்கொண்டே இருந்தால் எனிமா தேவை. ஆண் குட்டி ஆறு மணி நேரத்தை ஒட்டியும், பெண் குட்டி பத்து மணி நேரத்தை ஒட்டியும் முதல் சிறுநீர் கழிக்கும். உடல் வெப்பம் 99 முதல் 102 டிகிரி பாரன்ஹீட். காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்.

குட்டி நலமா என்பதைத் தாயின் மடியே சொல்லும். நல்ல குட்டி ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை குடிக்கும், மடி எப்போதும் தொய்ந்தே இருக்கும். மடி விறைத்துப் பால் சொட்டுகிறது, குட்டியின் நெற்றியிலும் மூக்கின் மேலும் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது என்றால், அது மடிக்குக் கீழே நிற்கிறதே தவிரக் குடிக்கவில்லை. வேறெந்த அறிகுறியும் தெரியுமுன் இது தெரியும். பிறந்த குட்டி சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால் காலைவரை பார்க்கலாம் என்று விடாதீர்கள். சுவரைச் சப்பிக்கொண்டு தாயைத் தேடாமல் திரிந்தாலும் அப்படியே.

நொண்டும் குட்டியைத் தாய் மிதித்துவிட்டது என்று எண்ணெய் தேய்ப்பது இங்கே வழக்கமாக இருக்கிறது. மூட்டு சூடாக வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் தொப்புள்வழிக் கிருமி மூட்டில் இறங்கியது, அன்றே மருந்து தொடங்க வேண்டும். முதல் நான்கு நாளில் ஈறும் கண்ணும் மஞ்சளித்துச் சோர்ந்தால், தாயின் பாலே குட்டியின் இரத்த அணுக்களை உடைக்கலாம். பால் குடிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தாய்க்கு டெட்டனஸ் ஊசி போடவில்லை என்றால் குட்டிக்கு முதல் நாளே டெட்டனஸ் எதிர்ச்சீரம் போடச் சொல்லுங்கள்.

ஏழெட்டு நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். அதே சமயம் குட்டிக்கு லேசான கழிச்சலும் வரும். குதித்து விளையாடி, பாலும் குடித்தால் பயமில்லை, பின்பக்கத்தைக் கழுவி எண்ணெய் தடவினால் போதும். தாயின் லத்தியைக் குட்டி கொறிப்பதைப் பார்த்து அடிக்க வேண்டாம், குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

தாய் இறந்துவிட்டால் ஆட்டுப்பால் அப்படியே கொடுக்கலாம். பசும்பால் என்றால் கொழுப்பு குறைந்த பாலில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் கலந்து, முதல் வாரம் இரவிலும் விடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

மூன்றாம் நாளிலிருந்து காலை வெயிலில் தாயோடு திறந்த இடத்தில் விடுங்கள். இரண்டு மாதத்தில் குடற்புழு மருந்தும் முதல் குளம்புச் சீவலும். நாலு முதல் ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கலாம். அதற்குள் குதிரைமசாலையும் கொள்ளையும் தானாகத் தின்னப் பழகியிருக்க வேண்டும்.